கனமான சிலிக்கன் கார்பைடு, உருகிய அலுமினியத்தில் எப்படி மிதக்கும்?

கேட்டவர் அலுமினியத்தை உருக்கி, சிலிக்கன் கார்பைடு என்ற மிகக் கடினமான பீங்கான் வகைப் பொடியைக் கலக்கி வார்க்கிறார். பாதிப் பொடி மேலே மிதக்கிறதாம், வார்த்த துண்டை அறுத்துப் பார்த்தால் மீதி அடியில் குவிந்திருக்கிறதாம். ஒரே பொடி இரண்டையும் செய்யுமா என்கிறார். செய்யும். நானே பட்டிருக்கிறேன்.

இங்கே கோப்பிக்கடையில் மைலோ டைனோசர் (ஐஸ் மைலோவின் மேல் இன்னும் மைலோ பொடியைக் கொட்டித் தருவது) குடித்திருப்பீர்கள். மேலே கொட்டிய பொடி இடுக்கெல்லாம் காற்றைப் பிடித்துக்கொண்டு, நனையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அலுமினியத்திலும் இதே கதைதான். 700 டிகிரி வாக்கில் உருகிய அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.4 கிராம், சிலிக்கன் கார்பைடுக்கு 3.2. கணக்குப்படி மூழ்க வேண்டும். ஆனால் அந்த வெப்பத்தில் அலுமினியம் அதைச் சரியாக நனைப்பதில்லை. உருகிய உலோகத்தின் மேல் ஆக்சைடு ஆடை, துகளின் மேல் ஈரமும் வாயுவும் தடுக்கின்றன.

கடைசி வருட ப்ராஜெக்டில் பொடியைப் பாட்டிலிலிருந்து நேராகக் கொட்டினேன். பெரும்பாலும் மேலே வந்து கசடோடு சேர்ந்தது, கரண்டியால் வழித்துப் போட்டேன். பதினைந்து சதவீதக் கலவை என்று எழுதி வைத்த துண்டில் இருந்தது கிட்டத்தட்ட வெறும் அலுமினியம்! அப்புறம்தான் ஈரமும் வாயுவும் போகப் பொடியை 1000 டிகிரி வாக்கில் சுட்டு, நன்றாக நனைய உருகிய உலோகத்தில் ஒரு சதவீதம் மக்னீசியம் சேர்த்து, நடுவில் சுழி விழும்படி கலக்கினேன். உள்ளே போனது.

உள்ளே போனதும் அடுத்த தொல்லை. உருகிய அலுமினியம் பார்க்கத்தான் கெட்டி, பாகுநிலையில் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. திரவத்தில் துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியில் போட்டுப் பார்த்தால் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துகள் நொடிக்கு 0.15 மில்லிமீட்டர் இறங்குகிறது. 10 சென்டிமீட்டர் ஆழ மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரம்) பதினொரு, பன்னிரண்டு நிமிடத்தில் அடி தொட்டுவிடும். வேகம் விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 40 மைக்ரானுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது, 10 மைக்ரானுக்கு முக்கால் மணி நேரம். துகள்கள் நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று தடுக்கும். பதினைந்து சதவீதத்தில் வேகம் பாதியாகிறது. ஆனால் கட்டி பிடித்துவிட்டால் அந்தக் கட்டியே ஒரு பெரிய துகள், சட்டென்று இறங்கும். காற்றை உள்ளே பிடித்த கட்டி என்றால் மேலே ஏறும். உங்கள் பாத்திரத்தில் இரண்டும் ஒன்றாக நடப்பது இதனால்தான்.

எனவே கலக்கியை நிறுத்துவதற்கும் உலோகம் உறைவதற்கும் இடையிலுள்ள நேரத்தைக் குறையுங்கள். கலக்கிக்கொண்டே இருந்து உடனே ஊற்றுங்கள். மணல் அச்சைவிட இரும்பு அச்சு நல்லது, சீக்கிரம் உறையும். போரான் கார்பைடு (2.5) உங்கள் வேலைக்கு ஒத்துவந்தால் துகள் அடியில் இறங்கித் தங்கும் படிவுத் தொல்லை வெகுவாகக் குறையும், விலைதான் கடிக்கும். கிராஃபைட் 2.2, அது நனைந்தாலும் மிதக்கும்.

ஒன்று கவனியுங்கள். எல்லாப் பழியையும் படிவின் மேல் போடாதீர்கள். உறையும்போது கிளை கிளையாக வளரும் உலோகப் படிகங்கள் துகள்களைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் உறையும் சந்துகளில் ஒதுக்கும். அறுத்த துண்டை மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: பெரிய துகள்கள் அடியில், சிறியவை மேலே என்றால் படிவு. எல்லா அளவும் கலந்து வலைப்பின்னல் போலத் தெரிந்தால் அது உறைதலின் வேலை. அப்போது எவ்வளவு கலக்கினாலும் பிரயோசனமில்லை, அச்சைத்தான் மாற்ற வேண்டும்.