தியானம் பழகுவதற்கு ஒழுக்கமும் சத்சங்கமும் ஏன் தேவை?

சத்சங்கம் என்பது நல்வழியில் வாழ விரும்புவோர் கூடியிருந்து பழகும் கூட்டுறவு. பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு வகுத்த எட்டு உறுப்புகளில் தியானம் ஏழாவதாகத்தான் வருகிறது. இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை முதலிய ஐந்தும் அடங்கிய இயமம் என்னும் ஒழுக்கமே முதலாவது. பகலில் ஒருவரிடம் பொய் சொல்லிவிட்டு மாலையில் கண்ணை மூடினால், அந்தப் பொய்யும் அது வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமுமே மனத்தில் சுற்றிச் சுற்றி வரும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

ஆயினும், ஒழுக்கத்தைத் தனியாளாகக் காப்பது உண்மையிலேயே கடினம். 1860 முதல் இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களான டர்பன் நகரத் தமிழர்கள் இதைத் தைப்பூசக் காவடியிலேயே கண்டிருப்பார்கள். காவடி எடுப்பவர் ஒருவர்தான் என்றாலும், வீட்டார் அனைவரும் இறைச்சியை நிறுத்திப் பருப்பும் காய்கறியுமாகச் சமைக்கும்போது, அடுப்படியில் மீன் பொரியும் மணமே எழாததால், விரதம் இருப்பவர் நாக்கோடு போராட வேண்டியதில்லை. சத்சங்கம் செய்வதும் இதையேதான். 1949இல் டர்பனில் தொடங்கிய தென்னாப்பிரிக்கத் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தில் கூட்டு வழிபாடும் தொண்டும் சேர்ந்தே நடப்பதை இதனால்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சத்சங்கத்தில் சேர்ந்தால் குடும்பத்தையும் வேலையையும் துறக்க வேண்டும் என்று பலர் எண்ணுவது தவறு. வீட்டிலும் கடையிலும் பிறரோடு பழகும்போதுதான் இயமத்தைக் கடைப்பிடிக்கவே வாய்ப்புக் கிடைக்கிறது.