பின்கதவு லாக்கை நீங்களே மாற்றலாம்: சாத்துவதற்கு முன் சோதியுங்கள்

கேள்வி: பத்து வருடம் ஓடிய ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். இடது பின்கதவு, வெளிக் கைப்பிடியை இழுத்தால் சில நேரம்தான் திறக்கிறது. ரிமோட்டை அழுத்தினால் மற்ற மூன்று கதவும் லாக் ஆகின்றன, இது மட்டும் ஆவதில்லை. இரண்டு நாளாகச் சாத்தினாலும் பிடிக்காமல் திரும்பி வந்துவிடுகிறது. லாக்கையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். நானே வீட்டில் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். நிதானமாகச் செய்தால் முதல் தடவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் பாகத்தை வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குங்கள். லாக் போய்விட்டது என்று கழற்றப்படும் கதவுகள் பலவற்றில் பழுது லாக்கில் இருப்பதில்லை. உடைந்த ஒரு பிளாஸ்டிக் கிளிப்பிலோ அறுந்த ஒரு ஒயரிலோ இருக்கிறது.

முதலில் கதவைத் திறந்து வைத்து அதன் பின் விளிம்பைப் பாருங்கள். நீள்வட்டமான வெட்டுக்குள் ஒரு கொக்கி தெரியும். எதிரே, காரின் உடம்பில் திருகியிருக்கும் கம்பி வளையத்துக்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். கதவைச் சாத்தும்போது அந்த வளையம் உள்ளே நுழைந்து கொக்கியைச் சுழற்றும். கொக்கி திரும்பி வராமல் ஒரு சிறிய நாக்கு ஸ்பிரிங் வேகத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். இது இரண்டு படியாக நடக்கும். முதல் ‘டக்’ அரைப்பிடி, இரண்டாவது ‘டக்’ முழுப்பிடி. கைப்பிடியை இழுக்கும்போது அந்த நாக்கைத்தான் தூக்குகிறோம்.

இப்போது கதவு திறந்தே இருக்க, ஒரு ஸ்க்ரூடிரைவரின் தண்டை ஸ்ட்ரைக்கர் மாதிரி வைத்துக் கொக்கியை உள்ளே தள்ளுங்கள். இரண்டு ‘டக்’ கேட்க வேண்டும். பிறகு வெளிக் கைப்பிடியை இழுத்தால் கொக்கி துள்ளித் திரும்ப வேண்டும். உள்ளே இருந்தும் இதே மாதிரி செய்து பாருங்கள். உள் கைப்பிடி மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கதவின் விளிம்பில் இருக்கும் சைல்டு லாக் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். சில சமயம் கொக்கி ஏற்கெனவே மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும்; அப்போது எவ்வளவு வேகமாகச் சாத்தினாலும் கதவு ஸ்ட்ரைக்கரில் இடித்துத் திரும்பும். கைப்பிடியை இழுத்துக்கொண்டே கொக்கியை வெளிப்பக்கம் திருப்பினால் தீர்ந்தது.

கொக்கி மந்தமாகத் திரும்பினாலோ நாக்கு விழாமல் நின்றாலோ, பெரும்பாலும் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கெட்டியாகியிருக்கும். டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் இருபது முப்பது முறை மூடித் திறந்து, கறுப்பாக வடிவதைத் துணியால் துடைத்து எடுங்கள். பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும். என்ஜின் ஆயில் விட வேண்டாம். அது தூசியைச் சேர்த்து ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். சுத்தம் செய்த பிறகும் நாக்கு பிடிக்காமல் நழுவினால் லாக் தேய்ந்துவிட்டது. அதைத் தட்டிச் சரிசெய்து ஓட்டாதீர்கள். கதவு லாக்குகளுக்கான ஐக்கிய நாடுகள் 11ஆம் விதி, முழுப்பிடியில் நீளவாட்டில் 11,000 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. அரைப்பிடிக்கு 4,500 நியூட்டன்தான். அதாவது ஒரு டன்னுக்கு மேல் தாங்க வேண்டிய இடத்தில் அரை டன்னுக்கும் குறைவு. குழந்தைகள் சாய்ந்து உட்காரும் கதவு இது.

ரிமோட்டுக்கு அசையாதது தனிக் கேள்வி. ஃபியூஸ் போயிருந்தால் மற்ற கதவுகளும் நின்றிருக்கும், எனவே இந்தக் கதவுக்குள்தான் காரணம். நடுத்தூணுக்கும் பின்கதவுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய்க்குள் ஒயர்கள் போகின்றன. திறந்து மூடியே அங்கே அறுந்துபோவதுண்டு. டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றிய பிறகு (முறை கீழே இருக்கிறது; இந்தச் சோதனை முடியும்வரை பேட்டரி இணைந்தே இருக்க வேண்டும்) லாக்கின் பிளக்கை எடுத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களுக்குக் குறுக்கே ஒரு 12 வோல்ட், 5 வாட் பல்பைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் வரும். டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிடலாம், பல்பு மினுக்கிக் காட்டிவிடும். மினுக்கினால் ஒயர் சரி, லாக்குக்குள் இருக்கும் மோட்டார் போய்விட்டது. மினுக்கவில்லை என்றால் புது லாக் போட்டும் பயனில்லை, ரப்பர் குழாயைத் திறந்து ஒயரைப் பாருங்கள்.

உங்கள் கதவில் பிடிப்பும் இல்லை, மோட்டாரும் அசைவதில்லை. இரண்டும் ஒரே உறைக்குள் இருப்பதால் மாற்றுவதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. சுத்தம் செய்தும் பல்பு வைத்தும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது கடையில் ‘லாட்ச்’ என்பதைவிட ‘இடது பின் டோர் லாக் அசெம்பிளி’ என்று கேளுங்கள். பதினேழு எழுத்துகள் கொண்ட சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்குவது நல்லது. இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும், மாற்றிப் போட முடியாது. முன்கதவு லாக்கில் சைல்டு லாக் இருக்காது. பிளக்கில் எத்தனை பின் என்பதையும் ஒப்பிடுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று டேஷ்போர்டில் காட்டும் சுவிட்ச் சில வண்டிகளில் லாக்குக்குள்ளேயே இருக்கும், அவற்றில் பின் கூடுதல். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய லாக் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் நாக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. இந்த ஒரு பாகத்துக்குப் புதிதையே வாங்குங்கள். கைப்பிடியை லாக்கோடு இணைக்கும் கம்பிகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் இரண்டு மூன்று, டோர் பேட் கிளிப்புகள் நான்கைந்து சேர்த்து வாங்குங்கள், கழற்றும்போது ஒன்றிரண்டு உடையும்.

வேலையை நிழலில், சமதளத்தில் தொடங்குங்கள். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டுத்தான் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் கண்ணாடி கீழே நின்று லாக் வெளியே வரும் வழியை அடைத்துக்கொள்ளும். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். கதவுக்குக் கீழே ஒரு பழைய போர்வையை விரியுங்கள், விழும் திருகு தெருவில் ஓடாது.

டோர் பேடில் திருகுகள் ஒளிந்திருக்கும்: உள் கைப்பிடிக்குப் பின்னால் சிறிய மூடிக்குள் ஒன்று, கதவை இழுக்கும் பிடியின் குழிக்குள் ஒன்றிரண்டு. கையால் சுற்றும் கண்ணாடி என்றால், சுற்றும் கைக்குப் பின்னால் குதிரைலாட வடிவத்தில் ஒரு கிளிப் இருக்கும். நீளமான துணித்துண்டைக் கைக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து, ஷூ துடைப்பது போல இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வரும். மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். திருகுகள் எல்லாம் வந்த பிறகு கீழ் மூலையில் பிளாஸ்டிக் நெம்புகோலை விட்டு, ஒவ்வொரு கிளிப்பாக, கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். தூரத்தில் பிடித்து இழுத்தால் பேட் விரியும். கடைசியாகப் பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்தை விட்டு வரும். ஒரேயடியாக இழுத்துவிடாதீர்கள், பின்னால் பவர் விண்டோ பிளக்கும் உள் கைப்பிடி கேபிளும் தொங்கும்.

அடுத்து வருவது ஒரு பிளாஸ்டிக் ஷீட், கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். இதைக் கிழித்துப் போட்டுவிடுபவர்கள் உண்டு, அடுத்த மழையில் தரைவிரிப்பு நனைந்து நாறும்போதுதான் காரணம் புரியும். கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளேயே வடிந்து கீழ்த்துளைகள் வழியாகப் போக வேண்டும். அதைக் காருக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். பசையைப் பிளேடால் மெதுவாக அறுத்து, பின் மூலையை மட்டும் மடித்து டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.

கையை உள்ளே விடுவதற்கு முன் கையுறை போடுங்கள். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி வெட்டும். எந்தக் கம்பி எந்தத் துளையில், கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று நான்கைந்து போட்டோ எடுங்கள். கிளிப்பின் வாயை விரலால் திருப்பிவிட்டால் கம்பி பக்கவாட்டில் கழன்று வரும், நெம்ப வேண்டாம். வெளிக் கைப்பிடிக் கம்பியில் மரை இருந்தால், திருகி நிற்கும் இடத்தில் பெயின்ட் அல்லது மார்க்கரால் கோடு போட்டுவையுங்கள்.

லாக்கைக் கதவின் விளிம்பில் பிடித்திருக்கும் இரண்டு மூன்று திருகுகளில்தான் வேலை கெடும். அவற்றில் தொழிற்சாலையிலேயே பசை தடவியிருப்பார்கள். ஜப்பான், கொரிய வண்டிகளில் பெரும்பாலும் பெரிய ஸ்டார் தலை (கூட்டல் குறி வடிவம்). வீட்டில் எல்லோரிடமும் இருப்பது 2ஆம் நம்பர் ஸ்க்ரூடிரைவர். இதற்கு 3ஆம் நம்பர் வேண்டும். சின்னது வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். முனையைச் சரியாக உட்கார வைத்து, பின்புறம் சுத்தியலால் ஓர் அடி, பிறகு உடல் எடையைச் சாய்த்துத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் பல இடங்களில் பன்னிரண்டு முனை ஸ்ப்லைன் பிட் தேவைப்படும், ஆலன் சாவியை அதில் நுழைத்துப் பார்க்காதீர்கள். கடைசித் திருகை எடுக்கும்போது உள்ளிருந்து ஒரு கையால் லாக்கைத் தாங்குங்கள்.

கண்ணாடி ஓடும் கால்வாய் வழியை மறித்தால், கீழே அதைப் பிடித்திருக்கும் 10 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்கள். லாக்கைச் சற்றே சாய்த்துப் பெரிய துளை வழியாக எடுக்கலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, நெம்புகோல்கள், துளைகள், பிளக் எல்லாம் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். முதலில் கம்பிகளையும் கேபிளையும் கோத்துவிட்டுத் திருகுங்கள், பிறகு கை நுழையாது. எல்லாத் திருகையும் கையால் தொடக்கிவிட்டுக் கடைசியில் இறுக்குங்கள். இறுக்கும் முன் மரையில் நீல நிறத் திரெட் லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு.

வெளிக் கைப்பிடிக் கம்பியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு கட்டாயம் வேண்டும். கைப்பிடி சட்டென்று பிடிக்கட்டும் என்று இறுக்கிவிட்டால், நாக்கு எப்போதும் பாதி தூக்கிய நிலையிலேயே நிற்கும். புது லாக் போட்டும் கதவு பிடிக்கவில்லை என்று வருபவற்றில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி மிக முக்கியமான கட்டம். கதவைச் சாத்தாதீர்கள். பேட்டரியை இணைத்து, கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை முழுப்பிடிக்குத் தள்ளி, வெளிக் கைப்பிடியில் விடுவியுங்கள். மறுபடி தள்ளி, உள் கைப்பிடியில். மறுபடி தள்ளி, ரிமோட்டில் லாக் செய்து வெளிக் கைப்பிடி திறக்கவில்லை என்பதைப் பாருங்கள். பிறகு அன்லாக், சைல்டு லாக் போட்டு ஒரு முறை, எடுத்து ஒரு முறை. மொத்தத்தையும் ஐந்து தடவை செய்யுங்கள். கடைசியில் கொக்கி திறந்த நிலையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே சாத்துங்கள். ஒரு கம்பி கழன்ற நிலையில் சாத்திவிட்டால், மூடிய கதவிலிருந்து டோர் பேடைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அப்படி மாட்டிக்கொண்டால், அல்லது பழைய லாக்கே ஒரு நாள் திறக்க மறுத்தால், உடனே எதையும் உடைக்காதீர்கள். வெளியே ஒருவர் கதவை உள்பக்கமாக நன்றாக அழுத்தட்டும். ரப்பர் பீடிங் கொடுக்கும் அழுத்தம் குறைந்து நாக்கு இலேசாகும். அதே நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் கைப்பிடிகளைச் சேர்த்து இழுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும். இல்லையென்றால் பின்சீட்டின் இருக்கைப் பகுதியைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையிலேயே பேடை விலக்கிக் கையை விட வேண்டும்.

சாத்திய பிறகு கதவு பக்கத்து உடம்போடு சமமாக இல்லாமல் சற்று வெளியே நின்றால், ஸ்ட்ரைக்கரின் ஓரத்தைச் சுற்றி முதலில் பென்சிலால் கோடு போடுங்கள், பிறகு அதன் திருகுகளைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் உள்ளே தள்ளி இறுக்குங்கள். கடைசியாகப் பிளாஸ்டிக் ஷீட்டை பழைய பசையிலேயே கை வெப்பத்தில் அழுத்தி ஒட்டுங்கள். பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்). பேடை மாட்டுவதற்கு முன் கண்ணாடியின் வெளி ஓரத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் கீழ்த்துளைகளில் தண்ணீர் வடிந்து, ஷீட்டின் உள்பக்கம் விரலுக்கு ஈரம் படவில்லை என்றால் பேடை மாட்டிவிடலாம்.