ரியூனியன் தீவில் படிக்கப் போகிறேன். அங்கே நண்பர்கள் கிடைப்பார்களா?

கேள்வி: மேற்படிப்புக்காக, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்குப் போகிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. மலையேற்றத்தில் ஆசை உண்டு. இளைஞர்களின் வார இறுதி அங்கே எப்படி இருக்கும்? நண்பர்கள் கிடைப்பார்களா?

பதில்:

கிடைப்பார்கள். ஆனால் தலைநகரமான செயின்ட் டெனிஸுக்குள் தேடாதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடிவிடும், பஸ்கள் குறைந்துவிடும். மாணவர் விடுதி அறையிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தத் தீவில் மனிதர்களே இல்லையோ என்று தோன்றும். எல்லோரும் மலையிலும் கடற்கரையிலும் இருப்பார்கள். நான் புதுச்சேரியிலிருந்து முதுகலைப் படிப்புக்கு வந்து, வேலையும் கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவன். இன்று எனக்கு நெருக்கமாக இருப்பவர்களில் பெரும்பாலோர் மலைப்பாதையில் அறிமுகமானவர்கள்தான்.

முதலில் மஃபாத்துக்குப் போங்கள். தீவின் நடுவே எரிமலை இடிந்தும் மழையால் அரிக்கப்பட்டும் உண்டான மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன: சலாசி, சிலாவோஸ், மஃபாத். முதல் இரண்டுக்கும் சாலை உண்டு. மஃபாத்துக்குக் கிடையாது. உள்ளே 700, 800 பேர் சிறு சிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் வருகின்றன, மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள். நாம் போவதென்றால் நடைதான். அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. பள்ளத்தாக்கின் பெயரே அப்படித் தப்பியவர்களின் தலைவன் ஒருவனுடைய பெயர்தான். சலாசி பக்கமிருந்து கொல் தே பெஃப் கணவாய் வழியாக இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் லா நூவெல் என்ற குடியிருப்பை அடைந்துவிடலாம். முதல் முறை போகிறவருக்கு அந்த வழியே போதும்.

நண்பர்கள் கிடைப்பது நடக்கும்போது அல்ல, அன்றிரவு சாப்பிடும்போது. மஃபாத்தில் இரவு தங்க ‘ஜீத்’ என்னும் எளிய மலைவிடுதிகள் இருக்கின்றன. அடுக்குக் கட்டில், பொது அறை, ஏழு மணிக்கு ஒரே நீள மேசையில் எல்லோருக்கும் சாப்பாடு. சோறு, சிலாவோஸ் பருப்பு, கோழிக் கறி, ‘ருகாய்’ என்னும் காரமான தக்காளித் துவையல். தனியாக வந்தவரைத் தனி மேசையில் உட்கார வைக்க மாட்டார்கள். தனி மேசையே கிடையாது. பக்கத்தில் பாரிஸிலிருந்து வந்த செவிலியர், எதிரே செயின்ட் பியேரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் தம்பதி, மேசைக் கோடியில் மனைவி மக்களோடு வந்த தச்சர். சோற்றுப் பாத்திரம் கைமாறும்போதே எந்த வழியாக வந்தாய், நாளை எந்த வழி, முழங்கால் எப்படி என்று பேச்சு தொடங்கிவிடும். மறுநாள் காலை ஒரே திசையில் போகிறவர்கள் சேர்ந்து நடப்பார்கள். ஆறு மணி நேரம் கூடவே நடந்த மனிதரைப் பற்றி, ஆறு மாதம் ஒரே வகுப்பில் இருந்தவரைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டிருக்கிறேன். இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பள்ளி விடுமுறைகளில் கிடைக்காது.

இன்னொரு வழி பித்தோன் தே நேஜ். 3,070 மீட்டர்; இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். சிலாவோஸிலிருந்து மதியம் ஏறி, சுமார் 2,480 மீட்டர் உயரத்தில் இருக்கும் விடுதியில் படுத்து, விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு கிளம்பவேண்டும். ஜூலையில் உச்சியில் உறைபனி இருக்கும். புதுச்சேரி வெயிலில் வளர்ந்த எனக்கு விரல்கள் மரத்துப் போனபோது, முன்பின் தெரியாத ஒருவர் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். இப்போது அவருடைய குழந்தைக்கு நான் மாமா முறை.

எரிமலையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பித்தோன் த லா ஃபூர்னேஸ் உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பல ஆண்டுகளில் ஒரே ஆண்டுக்குள் இரண்டு மூன்று முறைகூட வெடித்திருக்கிறது. வெடிப்பு தொடங்கியதும் எரிமலை வாயைச் சுற்றியுள்ள உள்வளையத்தை அரசு மூடிவிடும். ஆனால் செய்தி பரவிய அன்றிரவே தீவில் பாதிப்பேர் வண்டியெடுத்துக்கொண்டு தூரத்து விளிம்புக்குப் பார்க்கப் போய்விடுவார்கள். “எரிமலை வருகிறாயா?” என்று யாராவது கேட்டால், மறுநாள் தேர்வு இருந்தாலொழிய மறுக்காதீர்கள். இருட்டில், குளிரில், பிளாஸ்க் காப்பியைப் பகிர்ந்துகொண்டு சிவந்த ஆறு ஓடுவதைப் பார்த்தவர்கள் அதன் பிறகு அந்நியர்களாக இருப்பதில்லை.

ஞாயிறு என்றால் பிக்னிக். நம் ஊரில்போல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவது அல்ல. விடியற்காலையிலேயே ஒருவர் போய் மர நிழலைப் பிடித்துவைப்பார். பெரிய வார்ப்புப் பாத்திரம், விறகு, பாட்டி, பேரன் எல்லாம் பின்னால் வரும். அங்கேயே சமையல், அங்கேயே பாட்டு. அழைப்பு வந்தால் வெறுங்கையோடு போகாமல் ஒரு பாத்திரம் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோங்கள். அடுத்த அழைப்பு உறுதி.

தமிழர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்பீர்கள். இருக்கிறார்கள், நிறைய. 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்னையிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இங்கே ‘மல்பார்’ என்பார்கள். ராமசாமி, வீரசாமி என்ற குடும்பப் பெயர்கள் எங்கும் கேட்கும். பேசுவதெல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, தமிழ் பேசுகிறவர்கள் அரிது. அதை வைத்து அவர்களை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தீமிதியையும் காவடியையும் இவர்கள் விடாமல் காத்துவந்த உறுதி என்னைப் பலமுறை தலைகுனிய வைத்திருக்கிறது. செயின்ட் ஆந்த்ரே கோயில் திருவிழாவில் பழக்கமான நண்பனின் தாத்தா, விடிய விடிய நடக்கும் தமிழ் நாடகக் கூத்துக்கு வாத்தியாராக இருந்தவர். அவருடைய பாட்டு நோட்டில் தமிழ் முழுவதும் பிரெஞ்சு எழுத்தில் இருக்கிறது. மஃபாத்தில் மார்லா என்ற குடியிருப்புக்குப் போகும் ஏற்றத்தில் மூச்சு வாங்க உட்காரும் இடங்களில் எல்லாம் அவன் ஒரு பக்கத்தைப் படிப்பான், நான் பொருள் சொல்வேன். என் வாழ்க்கையில் நான் தமிழுக்குச் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: விழாக்களுக்கு முன் இவர்கள் விரதம் இருப்பார்கள். அந்த நாட்களில் கறிச் சோறு இருக்கும் பிக்னிக்குக்கு அழைக்காமல் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்ட உதவுங்கள்.

கடலில் எச்சரிக்கை வேண்டும். சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல், பவளத்திட்டு காக்கும் உள்கடலையும் கண்காணிப்புள்ள பகுதிகளையும் தவிர மற்ற இடங்களில் குளிக்கத் தடை இருக்கிறது. மலையிலும் அப்படியே: ஜனவரி முதல் மார்ச் வரை புயல் மழையில் பாதைகள் சரியும், ‘மூடப்பட்டது’ என்ற பலகையைத் தாண்டாதீர்கள். மற்ற மாதங்களிலும் பத்து மணிக்கெல்லாம் மேகம் சூழ்ந்துவிடும் என்பதால் விடியலிலேயே கிளம்புங்கள்.

வகுப்புகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும். அக்டோபரில் கிராண்ட் ரெய்ட் ஓட்டம் வருகிறது: தெற்கே செயின்ட் பியேரில் தொடங்கி, மலைகளைக் கடந்து, செயின்ட் டெனிஸில் முடியும் 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். முதல் ஆள் ஏறக்குறைய ஒரு நாளில் வந்துவிடுவார், கடைசி ஆள் வர இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் வழிநெடுகத் தண்ணீரும் சூப்பும் கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும். வருவது உறுதியானதும், இங்கே இறங்கும்வரை காத்திராமல், ஊரிலிருந்தே அதற்குப் பெயர் கொடுக்க முயலுங்கள். இரவுப் பணியைக் கேட்டு வாங்குங்கள். நெற்றி விளக்கு, மழைச்சட்டை, கம்பளி உடை மூன்றையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்; இங்கே விலை அதிகம்.