கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்றால் என்ன? கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

ஸ்கேனில் 'ஃபைப்ராய்டு' என்று வந்ததும் பலரும் கேட்பது இதைத்தான். கர்ப்பப்பைச் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசை ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக வளர்ந்து உருண்டு திரள்வதே நார்க்கட்டி.

அதை வளர்ப்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும்வரை கோரை மண்டும், தண்ணீர் நின்றால் காயும். அதுபோல மாதவிடாய் நின்றபின் இவை பெரும்பாலும் சுருங்கிவிடும்.

அளவைவிட இடம் முக்கியம். வரப்போரம் பெரிய புதர் இருந்தாலும் பாய்ச்சலுக்குத் தொந்தரவில்லை. மடை வாயில் ஒரு பிடி கோரை போதும். கர்ப்பப்பையின் உட்புறம் துருத்தும் சின்னக் கட்டியே ரத்தப்போக்கை அதிகமாக்கிவிடும். வெளிப்புறம் வளர்ந்தது ஒன்றும் காட்டாமலே இருக்கலாம், அல்லது சிறுநீர்ப்பையை அழுத்தலாம்.

கும்பகோணம் பக்கம் என் சித்தி, நடவு நாளில் இரண்டு துணி மடித்து வைத்துக்கொண்டுதான் வயலில் இறங்குவார். மூச்சு வாங்கினால் வெயில் என்பார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. ரத்தசோகை. தயவுசெய்து இதை 'பொம்பளைக்கு வர்றதுதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

ஸ்கேனும் ஹீமோகுளோபின் சோதனையும் பெரும்பாலும் போதும். தொந்தரவில்லையா, சரி, கண்காணித்தாலே போதும். இருந்தால் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, கட்டியை மட்டும் அகற்றும் அறுவை, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது என்று வழிகள் உண்டு. கர்ப்பப்பையை எடுப்பது அப்புறம்தான்.

கட்டி என்றாலே புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். நார்க்கட்டி புற்றுநோய் அல்ல, ஆனால் மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.