காசியோப்பியா ஏ: ஓடுவது தூசு அல்ல

வணக்கம். வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சமான காசியோப்பியா ஏ எச்சத்தைச் சுற்றி ஓராண்டு இடைவெளியில் எடுத்த அகச்சிவப்புப் படங்களில் ஒளிரும் தூசு இடம் மாறித் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். தூசு அவ்வளவு தூரம் நகர வேண்டுமென்றால் ஒளியை விட வேகமாக ஓட வேண்டுமே? வெடிப்பின் ஒளியோ 1680 வாக்கிலேயே நம்மைக் கடந்துவிட்டது. இப்போது ஒளிர்வது எது?
வி.

அன்புள்ள வி.,

தூசு நின்ற இடத்திலேயே நிற்கிறது. மதில்மேல் டார்ச் அடித்தால் வெளிச்ச வட்டம்தானே ஓடுகிறது, செங்கல் ஓடுவதில்லையே. வெடிப்பின் ஒளி நேராக வந்தது ஒரு பங்கு. பக்கவாட்டில் போய்த் தூசில் பட்டுச் சுற்றி வருவது இன்னொரு பங்கு. அதுதான் ஒளி எதிரொலி. ('எதிரொளி' என்று எழுதினால் வெறும் பிரதிபலிப்பு என்றாகிவிடும்.)

எச்சம் சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே ஓர் ஒளியாண்டு நீளம் நமக்கு 19 விகலையாகத் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) தெரியும். தூசுத் திரை நம் பார்வைக்குச் செங்குத்தாக இருந்தால் எதிரொலி ஆண்டுக்கு அதற்குக் குறையாமல் நகரும், கூடுதலாகவும் நகரலாம். எந்தப் பொருளும் பயணம் செய்யாததால் இதில் விதிமீறல் இல்லை.

சறுக்கல் வருவது தூசின் ஆழத்தைக் கணிப்பதில்தான். எச்சத்திலிருந்து 15 கலை (ஒரு கலைக்கு 60 விகலை) தள்ளி ஓர் எதிரொலி என்று வையுங்கள். பக்கவாட்டில் 48 ஒளியாண்டு. எச்சமும் தூசும் ஒரே தளத்தில் என்று கொண்டால், ஒளி கிளம்பி 48 ஆண்டுதான் ஆகிறது. 2005இல் ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை ஆராய்ந்த ஆலிவர் க்ராஸே குழு, எச்சத்தின் நடுவிலுள்ள நியூட்ரான் விண்மீன் (வெடித்த விண்மீனின் நசுங்கிய கரு) 1953 வாக்கில் திடீரென ஒளி வீசிச் சீறியிருக்கலாம் என்றது இப்படிப்பட்ட கணக்கில்தான். அதே தூசை 159 ஒளியாண்டு பின்னால் தள்ளிப் பாருங்கள்: தூசு வரை 166, திரும்பி எச்சத்தின் தளம் வர 159, மொத்தம் 325. 1680இன் வெடிப்பே போதும். 2008இல் வந்த ஆய்வுகள் அந்தப் பக்கம்தான் சாய்ந்தன.

தூசு புறஊதாவை விழுங்கிச் சூடேறி அகச்சிவப்பை உமிழ்வதால், பழைய ஒளியின் நிறமாலை அதில் மிஞ்சாது. அகச்சிவப்பு இடத்தைக் காட்டும், அவ்வளவே. வெடித்தது எந்த வகை விண்மீன் என்று அறிய, தூசில் சிதறி வரும் கண்ணுறு ஒளி வேண்டும். 2008இல் ஹவாயின் சுபாரு தொலைநோக்கி அதைப் பிடித்தது: வகை 2பி, அதாவது வெடிக்குமுன்பே தன் ஹைட்ரஜன் உறையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட பெரிய விண்மீன்.

வெப் விண்வெளித் தொலைநோக்கி 2024 செப்டம்பர் 16, 30 தேதிகளில் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். 14 நாளில் சுமார் 0.7 விகலை, வெப்பின் நுண்மைக்கு அதுவே தாராளம். அதில் தெரியும் மெல்லிய தூசுத் தாள்கள் ஏறத்தாழ 400 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) அளவு. அதைக் கடக்க ஒளிக்கு இரண்டே கால் நாள் ஆகும். வெடிப்பின் பளிச்சிடல் மாதக்கணக்கில் நீடித்திருந்தால் அந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாகக் குழம்பித்தான் தெரிந்திருக்கும்.