காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன: செடித்தொட்டிக்கு எவ்வளவு கரியமில வாயு?

கேள்வி: நீர்ச்செடிகளை 100 லிட்டர் தொட்டியில் வளர்க்கிறேன், கொஞ்சம் சிறு மீன்களும் உண்டு. சிலிண்டரிலிருந்து கரியமில வாயு இரவும் பகலும் வினாடிக்கு இரண்டு குமிழ் போகிறது. விளக்கு 8 மணி நேரம் எரியும். காலையில் பார்த்தால் மீன்கள் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து மூடுகின்றன. பயந்துபோய் வாயுவைக் குறைத்தால் இலை ஓரங்களில் கறுப்புப் பாசி பிடிக்கிறது. எந்த அளவில் வைப்பது?

பதில்: முதலில், இன்று இரவு வாயுவை மூடிவிடுங்கள். அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விளக்கு அணைந்ததும் செடி கரியமில வாயுவை எடுப்பதை நிறுத்திவிடும். மீனைப் போலவே அதுவும் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடும். அதோடு சிலிண்டரும் திறந்திருந்தால் விடிவதற்குள் நீரில் வாயு ஏறிப்போகும். மீன் தன் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவைச் செவுள் வழியாகத்தான் நீரில் விட வேண்டும். நீரிலேயே அது மிகுந்திருந்தால் சரியாக வெளியேறாது. இரத்தம் அமிலமாகும், பிராணவாயுவைப் பிடித்துவைக்கும் திறனும் குறையும். நீரில் பிராணவாயு போதுமான அளவு இருந்தாலும் மீன் திணறுவது இதனால்தான். அப்படித் திணறும்போது வாயுவை நிறுத்தி, காற்றைக் குமிழ்குமிழாக விடும் காற்றுக் கல்லைப் போட்டு, நீரில் பாதியை மாற்றுங்கள்.

இனி அளவு. லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். குமிழை எண்ணி இதைச் சொல்ல முடியாது. குமிழின் பருமன், வாயுவைப் பொடிக்குமிழாக்கும் டிஃப்யூசர், நீரோட்டம் எல்லாம் தொட்டிக்குத் தொட்டி மாறும். நீரின் அமிலத் தன்மையைக் காட்டும் பிஎச் பார்ப்பது மேல்; வாயு கூடினால் பிஎச் இறங்கும். ஒரு டம்ளர் தொட்டி நீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், அதிலுள்ள கூடுதல் வாயு போய்விடும். அதன் பிஎச் 7.6 என்று வைத்துக்கொள்வோம். வாயு ஓடும் தொட்டியில், நடுப்பகலில் 6.6 காட்டினால் வாயு பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். ஒரு புள்ளி இறக்கம்தான் நமக்கு வேண்டியது. அதற்கு மேல் இறக்க வேண்டாம்.

டிராப் செக்கரும் உதவும்; வாயுவுக்கேற்ப நிறம் மாறும் கரைசலைத் தொட்டிக்குள் வைக்கும் சிறு கருவி அது. நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மிகை. அதற்குள் ஊற்றுவது 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு) கரைசலாக இருக்க வேண்டும். தொட்டி நீரையே ஊற்றினால் நிறம் ஏமாற்றும். நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஆகவே வால்வைத் திருகிவிட்டு உடனே நிறத்தைப் பார்க்காதீர்கள்.

உங்கள் பாசிக்குக் காரணம் வாயு குறைந்தது மட்டுமல்ல, அது நாளுக்கு நாள் ஏறி இறங்குவதும்தான். ஒரு நாள் கூட்டி மறுநாள் குறைக்கும் தொட்டியில் இந்தக் கறுப்புப் பாசி அடிக்கடி வரும். 30-ஐ எட்டாவிட்டாலும் பரவாயில்லை, தினமும் ஒரே 20 இருந்தால் செடி அதற்குப் பழகிக்கொள்ளும். எனக்கு அளவைவிட இந்த ஒரே சீர்தான் முக்கியம். அதற்கு மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வும் டைமரும் போடுங்கள். விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வாயு தொடங்கட்டும், அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்கட்டும். ஈஸ்ட், சர்க்கரை போட்டு வாயு எடுக்கும் பாட்டிலை இப்படி நிறுத்தித் தொடங்க முடியாது என்பதால் இந்த வேலைக்கு அதை நான் சொல்வதில்லை.

டிஃப்யூசரை அடியில், ஃபில்டர் நீர் வந்து தள்ளும் இடத்தில் வையுங்கள். பொடிக்குமிழ்கள் தூசி போல எதிர்மூலை வரை போக வேண்டும். நேராக மேலே ஏறி உடைந்தால் வாயு காற்றுக்குத்தான் போகிறது. நீர்மட்டம் மெல்ல அலைந்தால் நல்லது, சலசலக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே கறுத்த இலைகள் தெளியாது, வெட்டி எடுத்துவிடுங்கள். புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று மட்டும் மூன்று வாரம் பாருங்கள். நன்றாக இருந்தால் பிற்பகலில் இலையின் அடிப்புறத்தில் முத்து முத்தாகப் பிராணவாயு நின்று, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகும்.

வால்வைக் கூட்ட வேண்டியிருந்தால், நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நாளில் கூட்டுங்கள். காலையில் கொஞ்சம் கூட்டிவிட்டு வெளியே போன ஒரு நாளில் நான் தொட்டி மீன்களை எல்லாம் இழந்திருக்கிறேன்.