எதிர்க்கரையின் அச்சம்: பிரிட்டனும் ஐரோப்பிய அதிகாரச் சமநிலையும் – கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பிய நிலப்பரப்பை ஆள விரும்பாத பிரிட்டன், அங்கு மூண்ட போர்களில் ஏன் திரும்பத் திரும்ப இறங்கியது?

பதில்: வரைபடத்தில் ஸ்கெல்ட் ஆற்றின் முகத்துவாரத்தையும், உள்ளே தள்ளி இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தையும் பாருங்கள். தேம்ஸ் முகத்துவாரத்துக்கு எதிரே அமைந்த அந்தக் கரை, பெரும் தரைப்படையும் கடற்படையும் ஒருங்கே கொண்ட ஒரே வல்லரசின் வசமானால் இங்கிலாந்தின் மீது படையெடுப்பது எளிதாகிவிடும் என்பதே லண்டனின் தீராத அச்சம். எந்த ஒரு வல்லரசும் ஐரோப்பாவில் மேலோங்கிவிடக் கூடாது என்ற அதிகாரச் சமநிலைக் கொள்கை இந்த அச்சத்திலிருந்து பிறந்தது என்றே நான் கருதுகிறேன். ஆன்ட்வெர்ப்பில் நெப்போலியன் போர்க்கப்பல் தளம் அமைத்தபோது, 1809இல் ஏறத்தாழ 40,000 வீரர்கள் ஸ்கெல்ட் முகத்துவாரத்திலுள்ள வால்கெரன் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். சண்டையில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். சதுப்புநிலக் காய்ச்சலில் மடிந்தவர்களோ சுமார் 4,000 பேர். ஆன்ட்வெர்ப் கடைசிவரை கைக்கு வரவில்லை.

கேள்வி: அப்படியிருக்க, நெப்போலியன் வீழ்ந்தபின், தோற்ற பிரான்ஸுடனேயே பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் காசல்ரே ரகசிய உடன்படிக்கை செய்தது முரண் அல்லவா?

பதில்: இல்லை. போருக்குப் பின் ஐரோப்பாவை ஒழுங்குபடுத்தக் கூடிய வியன்னா மாநாட்டில், ஜெர்மானிய அரசான பிரஷியா அண்டை அரசான சாக்சனி முழுவதையும், ரஷ்யா போலந்தையும் கேட்டன. அவற்றைத் தடுக்கவே 1815 ஜனவரி 3 அன்று பிரிட்டன், ஆஸ்திரியா, பிரான்ஸ் மூன்றும் கைகோத்தன. பிரஷியா சாக்சனியின் ஒரு பகுதியோடு அடங்கியது.

கேள்வி: ஐயா, நான் திருகோணமலைக்காரன். எங்கள் துறைமுகம் பிரிட்டன் வசமானதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பே உண்டு. 1795இல் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றியதும் இங்கிலாந்துக்குத் தப்பிவந்த ஒல்லாந்தின் ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம், ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்குள் பிரிட்டிஷ் படைகளை அனுமதிக்குமாறு லண்டனை அடுத்த கியூவிலிருந்து ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் திருகோணமலையும், 1796 பிப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தன. 1802இல் பிரான்ஸுடன் செய்த ஆமியன் உடன்படிக்கை இலங்கை பிரிட்டனுக்கே என்பதை உறுதிசெய்தது. ஆனால் 1814இல் அதே பிரிட்டன் ஜாவாவை ஒல்லாந்துக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்பியதோடு, பிரான்ஸுக்கு எதிராக அதன் கோட்டைகளை வலுப்படுத்த 20 லட்சம் பவுண்டு தரவும் இசைந்தது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையையும் இலங்கையையும் விடவில்லை. இந்தியாவுக்கான கடல்வழி அவற்றைச் சார்ந்திருந்தது.

கேள்வி: 1914இல் முதல் உலகப் போரில் பிரிட்டன் இறங்க, பெல்ஜியம் வெறும் சாக்குதானே?

பதில்: அது மேலோட்டமான பார்வை. 1839 லண்டன் உடன்படிக்கை பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உறுதியளித்தது. 1870இல் அந்த இரு நாடுகளும் போரிட்டபோது பிரதமர் கிளாட்ஸ்டன் பிரஷியா, பிரான்ஸ் இரண்டிடமும் தனித்தனியே அந்த உறுதியைக் கேட்டு வாங்கினார். பிரான்ஸ் நசுக்கப்படுமோ என்ற கவலை வெளியுறவு அமைச்சர் கிரேக்கு இருந்தது உண்மையே. எனினும் அமைச்சரவை பிளவுபட்டிருந்தது. போரை எதிர்த்த அமைச்சர்கள் மார்லியும் பர்ன்ஸும் பதவி விலகினார்கள். ஜெர்மனி பெல்ஜியத்துக்கு இறுதி எச்சரிக்கை விடுத்த பிறகே, தயங்கிநின்ற நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜ் போரின் பக்கம் சாய்ந்தார்.